யார் இந்த ஆள்? சாப்ளினும் முதல் ரசிகர்களும்

1914 ஜனவரி. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் வெனிஸ் என்றொரு கடற்கரை ஊரில் சிறுவர்களுக்கான கார் பந்தயம் நடக்கிறது. குட்டி வண்டிகள் சரிவுப் பலகையில் உருண்டு இறங்கித் தெருவில் ஓடுகின்றன. இரண்டு பக்கமும் கூட்டம். கீஸ்டோன் சினிமா கம்பெனிக்கு அந்தக் கூட்டம் காசில்லாமல் கிடைத்த துணை நடிகர்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கதை என்று ஒன்றும் இல்லை. பந்தயத்தைப் படம் பிடிக்க ஒரு குழு பாடுபடுகிறது; ஒரு ஆள் திரும்பத் திரும்பக் கேமராவுக்கு முன்னால் வந்து நிற்கிறான். தள்ளிவிட்டால் எழுந்து மறுபடி வருகிறான். ஆறேழு நிமிடப் படம் அவ்வளவுதான்.

‘கிட் ஆட்டோ ரேசஸ் அட் வெனிஸ்’ என்ற அந்தப் படம் இன்று இணையத்தில் சும்மா கிடைக்கிறது. நான் அதைப் போட்டால் சாப்ளினை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் நிற்பவர்களைத்தான் பார்ப்பேன். முதலில் அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பந்தயத்தைப் பார்ப்பதா, இந்த ஆளைப் பார்ப்பதா என்று கண்கள் அலைகின்றன. சில பையன்கள் கேமராவையே வெறிக்கிறார்கள். யாரோ குடிகாரன் படப்பிடிப்பைக் கெடுக்கிறான் என்றுகூடச் சிலர் நினைத்திருக்கலாம். கொஞ்ச நேரம் போனதும் ஒன்றிரண்டு முகங்களில் சிரிப்பு வருகிறது. அப்புறம் இன்னும் சில. தொளதொள கால்சட்டை, இறுக்கமான கோட்டு, சின்னத் தொப்பி, பெரிய பூட்ஸ், கைத்தடி, துண்டு மீசை. இந்த உருவத்தைப் பார்த்துச் சிரித்த முதல் பொதுஜனம் அவர்கள்தான். தாங்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

இந்த வேடத்தோடு முதலில் எடுத்த படம் இதுவல்ல, மேபல் நார்மண்ட் நடித்த இன்னொன்று. ஆனால் அது இரண்டு நாள் பிந்தி வெளியானது. பிப்ரவரி 7ஆம் தேதி வெளியான வெனிஸ் படத்தில்தான் ‘நாடோடி’ என்று பின்னால் உலகம் அறிந்த சாப்ளினின் இந்தப் பாத்திரம் முதன்முதலாகத் திரைக்கு வந்தது. பெயர் தெரியாத ஒரு ஆள், போகச் சொன்னாலும் போகாமல், எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கிறான். அடுத்த இரண்டு வருடத்தில் அவனுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

அந்தக் காலத்தில் நடிகருக்குப் பெயர் கிடையாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1910க்கு முன்னால் அமெரிக்கப் படங்களில் யார் நடித்தார் என்று பெரும்பாலும் போடமாட்டார்கள். பெயர் தெரிந்தால் சம்பளம் கேட்பார்கள் என்ற பயம் முதலாளிகளுக்கு. மேடை நடிகர்கள் பலருக்கும் சினிமாவில் முகம் காட்டுவது வெளியே தெரியாமல் இருந்தால் நல்லது என்ற எண்ணம். ஆனால் ஐந்து சென்ட் கொடுத்துக் கொட்டகைக்கு வந்தவர்களுக்கு முகம் மறக்கவில்லை. பயோகிராஃப் கம்பெனிப் படங்களில் அடிக்கடி வந்த ஒரு பெண்ணை ‘பயோகிராஃப் பெண்’ என்றே அழைத்தார்கள். அந்தப் பெயருக்கே கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்கள். அவர் ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ். அவரைத் தன் கம்பெனிக்கு இழுத்துக்கொண்ட கார்ல் லெம்லி, 1910 மார்ச்சில் ஒரு விளம்பரம் வெளியிட்டார்: லாரன்ஸ் விபத்தில் செத்துப்போனதாக எதிரிகள் புரளி கிளப்புகிறார்கள், நம்பாதீர்கள் என்று. புரளியைக் கிளப்பியதே லெம்லிதான் என்று சினிமா வரலாறு எழுதுபவர்கள் பலர் சொல்கிறார்கள். ‘உயிரோடு’ இருப்பதைக் காட்ட லாரன்ஸ் செயின்ட் லூயிஸ் நகருக்கு வந்தபோது கூட்டம் நெருக்கியடித்தது. கோட்டுப் பொத்தான்களைப் பிய்த்துக்கொண்டு போனார்களாம்.

அடுத்த வருடமே சினிமாவுக்கென்று தனிப் பத்திரிகைகள் வந்துவிட்டன. 1911 பிப்ரவரியில் வந்த ‘மோஷன் பிக்சர் ஸ்டோரி மேகசின்’ பெயருக்கேற்ப படங்களின் கதையைச் சிறுகதை மாதிரி எழுதிப் போட்டது. நடத்தியவர்களின் நினைப்பு, ஜனங்களுக்குக் கதைதான் வேண்டும் என்பது. வாசகர்கள் எழுதிக் கேட்டதோ வேறு: இந்தப் படத்தில் தம்பியாக வந்தவர் யார்? அந்த நடிகருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? கேள்விகள் குவியக் குவிய அவற்றுக்குப் பதில் சொல்லவே பத்திரிகையில் ஒரு பகுதி ஒதுக்கினார்கள். 1914இல் பத்திரிகைப் பெயரிலிருந்து ‘ஸ்டோரி’ என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். நம் ஊர்ப் பத்திரிகைகளில் சினிமா கேள்வி பதில் படித்து வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நகைச்சுவையிலும் சாப்ளினுக்கு முன்பே நட்சத்திரங்கள் இருந்தார்கள். பிரான்சில் மேக்ஸ் லிண்டர்: பட்டுத் தொப்பி, மடிப்புக் கலையாத கோட்டு, பணக்கார வீட்டுப் பிள்ளை வேடம். முதல் உலகப் போருக்கு முன்பே ஐரோப்பிய நகரங்களுக்கு நேரில் போய்க் கூட்டம் கூட்டியவர். சாப்ளின் பிற்பாடு லிண்டரைத் தன் ஆசிரியர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் புகைப்படம் கொடுத்தார். அமெரிக்காவில் ஜான் பன்னி, தடித்த உடம்பும் உருண்டை முகமுமாக ஊரறிந்தவர். 1915 ஏப்ரலில் இறந்துபோனார். ரசிகர்கள் வேறொருவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நேரம் அது. பன்னியை இன்றைக்கு யாருக்குத் தெரியும்?

சரி, சாப்ளின் எங்கிருந்து வந்தார்? 1889 ஏப்ரல் 16 அன்று லண்டனில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருமே இசையரங்கப் பாடகர்கள். அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்கு மனநிலை பிசகியது. சாப்ளினும் அண்ணன் சிட்னியும் ஏழை விடுதியில் கொஞ்ச காலம் கிடந்தார்கள். பத்து வயதுக்குள் மேடை ஏறி, 1908இல் ஃப்ரெட் கார்னோவின் நகைச்சுவைக் குழுவில் சேர்ந்து, அந்தக் குழுவோடு 1910இலும் 1912இலும் அமெரிக்காவுக்குப் போனார். அவருடைய பிரபலமான மேடை வேடம் ஒரு குடிகாரக் கனவான்.

1913 மே மாதம் அந்தக் குழுவின் மேலாளருக்கு நியூயார்க்கிலிருந்து ஒரு தந்தி வந்தது. ‘சாஃபின் என்றோ, ஏறக்குறைய அப்படி ஏதோ பெயரிலோ’ உங்கள் குழுவில் ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டிருந்தது. அனுப்பியது கீஸ்டோன் படங்களைத் தயாரித்த கம்பெனி. ஆளைப் பிடித்திருக்கிறது, பெயர் சரியாகத் தெரியவில்லை. வாரம் 150 டாலர் சம்பளத்துக்கு ஒப்பந்தம் ஆகி, டிசம்பரில் சாப்ளின் கீஸ்டோன் ஸ்டுடியோவுக்குப் போனார். முதலாளி மேக் சென்னட்டுக்கு அவரைப் பார்த்ததும் கவலை வந்துவிட்டதாம்: மேடையில் வயசானவராகத் தெரிந்தவர், நேரில் 24 வயதுப் பையன். அந்தக் கவலைதான் மீசைக்கு ஒரு காரணம் என்கிறார் சாப்ளின். வயசைக் கூட்டும், ஆனால் முகபாவத்தை மறைக்காத அளவுக்குச் சின்ன மீசை. நாம் இன்று அதை ‘ஹிட்லர் மீசை’ என்கிறோம். பாவம் சாப்ளின்.

கால்சட்டை, பூட்ஸ், தொப்பி எல்லாம் ஸ்டுடியோவில் அவரவரிடம் இரவல் வாங்கியது என்று ஒரு கதை உண்டு. கால்சட்டை குண்டு நடிகர் ஃபேட்டி ஆர்பக்கிளுடையது, பூட்ஸ் இன்னொரு நடிகரான ஃபோர்டு ஸ்டெர்லிங்குடையது. பூட்ஸ் அவ்வளவு பெரியதாக இருந்ததால் கால் மாற்றிப் போட்டுக்கொண்டாராம். எவ்வளவு உண்மையோ தெரியாது, ஆனால் அந்த வேடத்தின் சூட்சுமம் இந்தக் கதையில் இருக்கிறது. ஒன்றோடொன்று பொருந்தாத நாலு துணிகள். எந்த வீட்டிலும் கிடைக்கும். அப்பாவின் பழைய கால்சட்டை, தம்பியின் கோட்டு, ஒரு குச்சி, மீசைக்குக் கொஞ்சம் கரி. பாதங்களை விரித்து நாலு அடி வைத்தால் போதும், தெருவில் எல்லோருக்கும் புரிந்துவிடும். மேக்ஸ் லிண்டராக வேண்டுமென்றால் நல்ல தையல்காரர் வேண்டும். ஜான் பன்னியாக வேண்டுமென்றால் அந்த உடம்பு வேண்டும். சாப்ளினாக எந்தப் பையனும் ஆகலாம். அவருடைய ரசிகர் கூட்டம் மற்றவர்களுடைய கூட்டத்திலிருந்து வேறுபட்டது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். இவர்கள் கைதட்டியதோடு நிற்கவில்லை, அவராகவே மாறிக் காட்டினார்கள்.

1914இல் மட்டும் கீஸ்டோனில் 35 படங்களுக்கு மேல். பெரும்பாலும் ஒரு ரீல் அல்லது இரண்டு ரீல். ஒரு ரீல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும். கொட்டகைகளில் நிகழ்ச்சி அடிக்கடி மாறும், பல இடங்களில் தினமுமே. எனவே அதே முகம் வாரத்துக்கு ஒருமுறையாவது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இன்றைய நட்சத்திரங்களில் யாரும் இப்படி வாராவாரம் வருவதில்லை. சீரியல் நடிகர்களைத்தான் ஒப்பிட முடியும்.

யாருக்கு முதலில் தெரிந்தது? பத்திரிகைகளுக்கு இல்லை. கொட்டகைக்காரர்களுக்குத்தான். ஒரு படத்துக்கு 20 பிரிண்ட், அதாவது கொட்டகைகளுக்கு அனுப்பும் பிரதி, போனால் சாதாரணம், 30 போனால் பெரிய வெற்றி என்றிருந்த நேரத்தில் தன்னுடைய படம் ஒன்று ஆரம்பத்திலேயே 45ஐத் தொட்டது என்று சாப்ளின் சுயசரிதையில் எழுதுகிறார். அடுத்த கம்பெனியான எஸ்ஸனேயில் அவருடைய முதல் படத்துக்கு, எடுப்பதற்கு முன்பே 65 பிரிண்டுகள் விற்றன. எடுத்து முடிப்பதற்குள் 130. படம் எப்படி இருக்கும் என்று தெரியாமலே, பெயரைப் பார்த்து வாங்கினார்கள்.

எஸ்ஸனே கதை வேடிக்கையானது. அந்தக் கம்பெனியின் இரண்டு பங்காளிகளில் ஒருவரான ஜி. எம். ஆண்டர்சன், வாரம் 1,250 டாலர் சம்பளம், கையெழுத்துக்கு 10,000 டாலர் என்று பேசி சாப்ளினை அழைத்து வந்துவிட்டார். சிகாகோவில் இருந்த இன்னொரு பங்காளி ஜார்ஜ் ஸ்பூருக்கு சாப்ளின் யாரென்றே தெரியாது. இவ்வளவு பணமா என்று பயந்து, முகம் கொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தார். ஒருநாள் சிகாகோவில் ஒரு ஹோட்டலில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தபோது, சாப்ளின் உங்கள் கம்பெனிக்கு வந்துவிட்டாராமே என்று அவர்கள் பாராட்டினார்கள். ஸ்பூருக்கு ஒரு யோசனை. ஹோட்டல் பையனிடம் கால் டாலரைக் கொடுத்து, சாப்ளின் என்ற பெயரைக் கூவிக்கொண்டே கூடத்தைச் சுற்றி வரச் சொன்னார். பையன் கூவக் கூவ ஜனம் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் நிற்க இடமில்லை. அவர் அங்கே இல்லவே இல்லை. பெயர் மட்டும்தான் இருந்தது. இதைச் சொல்பவர் சாப்ளின், அதனால் கொஞ்சம் உப்புக் காரம் சேர்ந்திருக்கலாம். ஆனால் தந்தியில் ‘சாஃபின்’ என்று வந்த பெயர் ஒன்றரை வருடத்தில் இப்படி ஆகியிருந்தது என்பதில் சந்தேகமில்லை.

1915இல் இதற்கு ஒரு வியாதிப் பெயரே கிடைத்தது. மேலே சொன்ன அதே சினிமாப் பத்திரிகையில் சார்லஸ் மெக்குயர்க் என்பவர் ‘சாப்ளினைட்டிஸ்’ என்று எழுதினார். டான்சிலைட்டிஸ், அப்பெண்டிசைட்டிஸ் மாதிரி. காய்ச்சலின் அறிகுறிகள் எங்கும் தெரிந்தன. பொம்மைகள், சிலைகள், பொத்தான்கள், அட்டைகள், பாட்டுப் புத்தகங்கள். செய்தித்தாளில் சாப்ளின் சித்திரக்கதை. இங்கிலாந்துச் சிறுவர் பத்திரிகையிலும் அவர் படக்கதை. இவற்றில் பலவற்றுக்கு சாப்ளினிடம் யாரும் கேட்கவில்லை, பைசாவும் கொடுக்கவில்லை. உரிமைக் கட்டணம் வாங்க அண்ணன் சிட்னி தனியாக ஏற்பாடு செய்வதற்குள் பாதிச் சந்தை கைநழுவிப் போயிருந்தது.

கொட்டகைக்காரர்கள் கண்டுபிடித்த வழி இன்னும் எளிமையானது. அட்டையில் வெட்டிய நாடோடி உருவம், அதில் ‘இன்று நான் இங்கே இருக்கிறேன்’ என்ற வாசகம். வாசலில் நிறுத்திவிட்டால் போதும். படத்தின் பெயரே வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், ஆங்கிலமே தெரியாமல் நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய குடியேறிக்கும் அந்தக் கோட்டுருவம் புரியும். அமெரிக்க நகரங்களின் மலிவுக் கொட்டகைகள் அப்போது அப்படிப்பட்டவர்களால்தான் நிறைந்திருந்தன. படத்தில் பேச்சும் இல்லை. இடையில் வரும் எழுத்து அட்டைகளை அந்தந்த மொழியில் மாற்றிப் போட்டால் எந்த நாட்டுக்கும் போகலாம். பிரெஞ்சுக்காரர்கள் அவரை ‘சார்லோ’ என்று தங்கள் வீட்டுப் பிள்ளை ஆக்கிக்கொண்டார்கள்.

வேடப் போட்டிகள் ஊருக்கு ஊர் நடந்தன. கொட்டகைக்காரருக்கு அதில் இரட்டை லாபம்: போட்டியாளர்களும் டிக்கெட் வாங்குவார்கள், அவர்களைப் பார்க்க வருபவர்களும் வாங்குவார்கள். பிற்பாடு பெரிய நகைச்சுவையாளர் ஆன பாப் ஹோப், கிளீவ்லாந்தில் சிறுவனாக இருந்தபோது அப்படி ஒரு போட்டியில் ஜெயித்ததாகச் சொல்வார். சாப்ளினே ஒரு போட்டியில் மாறுவேடத்தில் கலந்துகொண்டு தோற்றுப்போனார் என்ற கதையை வாட்ஸ்அப்பில் நீங்கள் பத்து தடவை படித்திருப்பீர்கள். மூன்றாம் இடம் என்பார்கள், இருபதாம் இடம் என்பார்கள். உறுதியான ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் கதை புதிதல்ல; சுமார் நூறு வருடத்துக்கு முன்பே பத்திரிகைகளில் சுற்றிக்கொண்டிருந்தது. அன்றைக்கே ஜனங்களுக்கு அது நம்பக்கூடியதாக இருந்திருக்கிறது, ஏனென்றால் மீசையும் தொப்பியும் இல்லாத சாப்ளின் எப்படி இருப்பார் என்று அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. சுருட்டை முடியும் நீலக் கண்ணும் கொண்ட ஒரு இளைஞன், தெருவில் நடந்தால் யாரோ.

நகல் எடுப்பதையே தொழிலாக்கிக்கொண்டவர்களும் வந்தார்கள். பில்லி வெஸ்ட் என்பவர் நடை, உடை, மீசை எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டு வரிசையாகப் படங்கள் நடித்தார். நன்றாகவே செய்தார், அவசரத்தில் பார்த்தால் ஏமாந்துபோவோம். அந்தப் படங்கள் பலவற்றில் முரட்டு வில்லனாக வந்த குண்டு மனிதர் ஆலிவர் ஹார்டி. இன்னொரு பக்கம், கார்னோ குழுவில் சாப்ளினுக்குப் பதில் ஆளாக இருந்து அவரோடு ஒரே கப்பலில் அமெரிக்கா வந்த ஸ்டான் என்ற இளைஞர், மேடையில் சாப்ளினைப் போலச் செய்து காட்டிக் கொஞ்ச காலம் பிழைத்தார். அவர்தான் ஸ்டான் லாரல். ஆக, பின்னாளில் புகழ்பெற்ற நகைச்சுவை இணையான லாரல், ஹார்டி இருவருமே ஜோடி சேர்வதற்கு முன்பு தனித்தனியாக சாப்ளின் நகல் தொழிலில் இருந்திருக்கிறார்கள்! நம் பக்கத்திலும் இந்த நிழல் விழுந்தது: கலைவாணரைத் தென்னிந்திய சாப்ளின் என்றார்கள்; மனோகர் என்ற இளைஞருக்கு கே. பாலச்சந்தர் வைத்த பெயர் சார்லி.

ரசிகர்களுக்கு அடுத்துத் தேவைப்பட்டது வாழ்க்கைக் கதை. 1915இல் சான் பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்றில் ரோஸ் வைல்டர் லேன் என்ற எழுத்தாளர் சாப்ளினைச் சந்தித்துப் பேசி, அவரே சொல்வதுபோல ஒரு தொடர் எழுதினார். அதை மறு வருடம் ‘சொந்தக் கதை’ என்று புத்தகமாகவே அச்சடித்துவிட்டார்கள். அதன்படி சாப்ளின் பிறந்தது பிரான்சில். சிறுவயதுக் கஷ்டங்கள் நாவல் மாதிரி ஊதிப் பெருக்கப்பட்டிருந்தன. சாப்ளின் வக்கீல் வைத்து மிரட்டியதும் புத்தகத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதிலிருந்த கற்பனைகள் வேறு புத்தகங்களுக்குள் புகுந்து ரொம்ப நாள் உயிரோடு இருந்தன.

1916 பிப்ரவரியில் சாப்ளின் கலிஃபோர்னியாவிலிருந்து ரயிலில் நியூயார்க் புறப்பட்டார். ஐந்து நாள் பயணம், புது ஒப்பந்தம் பேச. டெக்சாஸ் மாகாணத்து அமரில்லோ ஸ்டேஷனில் வண்டி நின்றபோது அவர் உள்சட்டையோடு நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். வெளியே ஏகக் கூட்டம், தோரணம், மேசைகளில் தின்பண்டம். யாரோ பெரிய மனிதரை வரவேற்கவோ வழியனுப்பவோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அப்புறம்தான் ரயில் பெட்டிக்குள் ஆட்கள் ஓடி வந்து சாப்ளின் எங்கே என்று தேடினார்கள். முகத்தில் பாதி நுரையோடு, நான்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. நகர மேயர் வந்திருந்தார். தந்தி அலுவலக ஆட்கள் வழியெங்கும் செய்தி பரப்பியிருந்தார்கள். கன்சாஸ் சிட்டியிலும் சிகாகோவிலும் கூட்டம் இதைவிடப் பெரிது. நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷனில் சமாளிக்க முடியாது, முன்னாலேயே 125ஆம் தெரு நிறுத்தத்தில் இறங்கிவிடுங்கள் என்று போலீஸ் கேட்டுக்கொண்டது. அதுவரை தினமும் ஸ்டுடியோ, அறை, மறுபடி ஸ்டுடியோ என்று ஓடிக்கொண்டிருந்தவருக்கு, தான் எவ்வளவு பெரிய ஆள் என்பது அந்த ரயிலில்தான் உறைத்தது. பயமாகவும் தனியாகவும் இருந்தது என்று எழுதுகிறார்.

அங்கே மியூச்சுவல் கம்பெனியோடு கையெழுத்தான தொகை, வாரம் 10,000 டாலர், அதுபோக 1,50,000 டாலர் முன்பணம். ஒரு வருடத்துக்கு 6,70,000. அமெரிக்க ஜனாதிபதியின் ஆண்டுச் சம்பளம் அப்போது 75,000 டாலர். 150 டாலர் சம்பளத்துக்கு சேர்ந்து இரண்டரை வருடம்கூட ஆகவில்லை, வயது 26. மியூச்சுவல் இந்தத் தொகையை மறைக்கவில்லை, தம்பட்டம் அடித்தது. நடிகரின் சம்பளமே விளம்பரமாகும் வழக்கத்துக்கு இது ஒரு நல்ல தொடக்கம். இன்று வரை அந்த வழக்கம் நம்மை விடவில்லை.

மதிப்பும் மெல்ல வந்தது. பாமரக் கூத்து, ஆபாசம் என்று படித்தவர்கள் முகம் சுளித்துக்கொண்டிருந்தபோது, 1916 மே மாதம் மேடை நாடகத்தின் பெரிய நடிகையான மின்னி மேடர்ன் ஃபிஸ்க், ஹார்ப்பர்ஸ் வீக்லியில் சாப்ளின் ஒரு கலைஞர் என்று எழுதினார். அதுவரை குழந்தைகளைக் கூட்டிப் போகிற சாக்கில் ஒளிந்து பார்த்தவர்கள் அதற்கப்புறம் தைரியமாகப் பார்த்திருப்பார்கள்.

காய்ச்சலுக்கு மறுபக்கமும் இருந்தது. ஐரோப்பாவில் போர். இங்கிலாந்துக்காரர், திடகாத்திரமானவர் போலத் தெரிகிறார், ஏன் பட்டாளத்தில் சேரவில்லை? 1917இல் லண்டன் பத்திரிகை ஒன்று வெளிப்படையாகவே தாக்கியது. கோழை என்று குத்திக்காட்ட வெள்ளை இறகுகளைத் தபாலில் அனுப்பினார்கள். அமெரிக்க ராணுவத்துக்குப் பதிவு செய்து, எடை போதாதென்று தள்ளப்பட்டவர் என்ற விளக்கம் பலர் காதில் ஏறவில்லை. விசித்திரம் என்னவென்றால், பதுங்குகுழியில் கிடந்தவர்களுக்கு அவர்மேல் கோபமில்லை. 1915இலேயே சாப்ளினைத் துருக்கியின் டார்டனெல்ஸ் போர்முனைக்கு அனுப்புவதற்குள் அவன் கிழிந்த கால்சட்டையைத் தைக்கவேண்டும் என்று கிண்டலாகப் பாடிக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள். எழுந்து உட்கார முடியாத காயக்காரர்களுக்காக ராணுவ மருத்துவமனைகளில் படத்தைக் கூரைமேல் ஓட்டியிருக்கிறார்கள். மல்லாந்து படுத்தபடி, தலைக்கு மேலே நடக்கும் நாடோடியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இவ்வளவு பேர் பகிர்ந்துகொண்ட உருவம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வராமல் இருக்குமா? எஸ்ஸனேயை விட்டு வந்த பிறகு, ‘கார்மென்’ என்ற பிரபலமான கதையைக் கேலி செய்து சாப்ளின் இரண்டு ரீலாக எடுத்துவைத்த படத்தை, அந்தக் கம்பெனி கழித்துப்போட்ட துண்டுகளையெல்லாம் சேர்த்து நான்கு ரீலாக இழுத்து வெளியிட்டது. சாப்ளின் வழக்குப் போட்டார்; தோற்றார். பார்த்த அதிர்ச்சியில் இரண்டு நாள் படுத்துவிட்டாராம். அடுத்தடுத்த ஒப்பந்தங்களில், தன் படத்தை மாற்றக் கூடாது என்பதில் கண்ணாக இருந்தார். 1919இல் மேரி பிக்ஃபோர்டு, டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், டி. டபிள்யூ. கிரிஃபித் ஆகிய சினிமாக்காரர்கள் மூவரோடும் சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற சொந்தக் கம்பெனி தொடங்கியதற்குப் பின்னால் இப்படிப் பட்ட காயங்களும் உண்டு.

நகல் நடிகர்களோடு வழக்கு பிற்பாடுதான் வந்தது. மெக்சிகோக்காரரான சார்லஸ் அமடோர், ‘சார்லி ஆப்ளின்’ என்று பெயர் போட்டு, அதே வேடத்தில் படம் எடுத்தார். அவர் தரப்பு வாதம் சுவையானது: தொளதொள கால்சட்டையும் மீசையும் கைத்தடியும் சாப்ளினுக்கு முன்பே மேடையில் பலர் போட்டவை, அவருக்கு மட்டும் எப்படிச் சொந்தமாகும்? தனித்தனியாக எடுத்தால் உண்மைதான். கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் 1928இல் வேறு இடத்தைப் பிடித்தது. துணி யாருடையது என்பதைவிட, ஜனங்கள் இதை சாப்ளின் படம் என்று நம்பி டிக்கெட் வாங்கி ஏமாறுவார்களா என்பதே கேள்வி. ஏமாறுவார்கள். எனவே தடை. அப்பாவின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்து காட்டிய பையனையோ பாப் ஹோப்பையோ அந்தத் தீர்ப்பு தொடாது.

இதற்கெல்லாம் நடுவே, 1921 செப்டம்பரில், ஊரை விட்டுப் போய் ஒன்பது வருடம் கழித்து சாப்ளின் லண்டன் திரும்பினார். வாட்டர்லூ ஸ்டேஷனிலிருந்து ரிட்ஸ் ஹோட்டல் வரை கூட்டம். முதல் மூன்று நாளில் 73,000 கடிதங்களும் அட்டைகளும் வந்தன என்று கணக்குச் சொல்கிறார். பணம் கேட்டவர்கள், உறவு கொண்டாடியவர்கள், கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றவர்கள். ஹோட்டல் வாசலில் ஜனம் கலையவே இல்லை; பால்கனிக்கு வந்து கையாட்ட வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் பின்வழியாக நழுவி, டாக்சி பிடித்து, தான் வளர்ந்த கென்னிங்டன் பக்கம் போகச் சொன்னார். மீசை இல்லை, தொப்பி இல்லை; டாக்சிக்குள் நல்ல கோட்டுப் போட்ட ஒரு மனிதர். பழைய தெருக்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு சுவரோரம், ஐந்து வயதில் பார்த்த அதே குருட்டுப் பிச்சைக்காரர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். காதை மூடிய அதே உறை, முதுகுக்குப் பின்னால் கல்லில் வழியும் அதே எண்ணெய்ப்பிசுக்கு நீர், இன்னும் கொஞ்சம் பச்சை ஏறிய அதே உடுப்பு.